பெங்களூர் வெளிச்சத்தில் படம் எடுக்கப் பழகுபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் என்று பெங்களூரில் எங்கே இருந்தாலும் சரி, கேமராவோ நல்ல போனோ வாங்கிச் சில மாதம் ஆகி, “படம் தெளிவாகத்தான் வருகிறது, ஆனால் பார்த்தது படத்தில் இல்லை” என்று தோன்ற ஆரம்பித்தவர்களுக்காக எழுதியது இது. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைக் கேமராவோடு வந்த கையேடு சொல்லிவிடும். எப்போது எதைத் திருப்புவது, திருப்பினால் எது கிடைக்கும், எது போகும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

எல்லாவற்றையும் ஆட்டோவில் விட்டால் என்ன குறை?

ஆட்டோ எப்போதும் நடுவாந்தரமாகத்தான் முடிவெடுக்கும். இருட்டு இருந்தால் கொஞ்சம் வெளிச்சமாக்கும், மஞ்சள் வெளிச்சம் இருந்தால் வெள்ளையாக்கப் பார்க்கும், அசைவதையும் அசையாததையும் சேர்த்துத் தெளிவாக்க முயலும். ஆதார் அட்டையைப் படம் எடுக்க அது போதும். விடியற்காலை ஆறு மணிக்கு கே.ஆர். மார்க்கெட் பூக்கடைக்குள் நின்றால் போதாது. அங்கே இருக்கும் குண்டு பல்பு மஞ்சள், பாதி இருட்டில் இருக்கும் முகம், மேலிருந்து இறங்கும் நீலச் சாயல், இந்த மூன்றையும் சமப்படுத்தினால் மத்தியானம் பதினொரு மணிக் கடை மாதிரி ஒரு படம் கிடைக்கும்.

அதனால் பட்டனை அழுத்துவதற்கு முன்னால், எதை எடுக்கிறேன் என்று ஒரே சொல்லில் மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். “பூ மார்க்கெட்” என்று சொன்னால் அது எடுக்கும் பொருள் ஆகாது, அது இடத்தின் பெயர். “பூ”, “கை”, “கூட்டம்” என்று சொல்லிப் பாருங்கள். மூன்றுக்கும் மூன்று விதமான அமைப்பு தேவைப்படும்.

பூ என்றால் மாடிக்கு ஏறிவிடுங்கள். மேலிருந்து பார்த்தால் செண்டுமல்லியும் சாமந்தியும் ரோஜாவும் தனித்தனி வட்டங்களாகத் தெரியும். அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸ் திறப்பை, எஃப் 5.6 அல்லது எஃப் 8 வைத்தால் (எண் கூடினால் திறப்பு சுருங்கும், தெளிவாக விழும் ஆழம் கூடும்) குவியல் முழுக்கத் தெளிவாக இருக்கும்.

கை என்றால் பூக்கட்டும் அம்மாவுக்குப் பக்கவாட்டில், ஒரு மீட்டர் தள்ளிக் குனிந்து உட்காருங்கள். மல்லிகை மொட்டை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து, நாரைச் சுற்றி, சுண்டி இழுத்து முடிச்சுப் போடும் வேகம் இருக்கிறதே, அதை 1/250 நொடியில் எடுத்தால் விரல்கள் உறைந்து, வேலை செய்யாத கை மாதிரி ஆகிவிடும். 1/15 வையுங்கள். கட்டி முடித்த சரமும் கூடையும் அசையாமல் நிற்க, இழுக்கும் விரல் மட்டும் லேசாகக் கலையும். முழங்கையை உங்கள் முட்டியில் ஊன்றிக்கொண்டு பத்துப் பதினைந்து தடவை எடுத்தால் இரண்டு மூன்று தேறும்.

கூட்டம் என்றால் மாடிக் கைப்பிடிச் சுவரில் கேமராவை வைத்து, இரண்டு நொடி டைமர் போட்டு, 1/4 நொடியில் எடுங்கள். நடப்பவர்கள் புகையாகக் கரைவார்கள், உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள் கல்லாக நிற்பார்கள்.

அப்பெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றில் எதை நான் பிடித்துக்கொள்வது?

படத்தில் அசைவு முக்கியம் என்றால் ஷட்டரை, அதாவது வெளிச்சம் உள்ளே விழும் நேரத்தை. மற்ற எல்லாச் சமயத்திலும் அப்பெர்ச்சரை. நிக்கானிலும் சோனியிலும் டயலில் அவை ‘எஸ்’ (ஷட்டர்), ‘ஏ’ (அப்பெர்ச்சர்) என்று இருக்கும். கேனானில் ‘டிவி’, ‘ஏவி’. முழு மேனுவலுக்கு முதல் மாதமே போக வேண்டிய அவசியம் இல்லை.

ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக்காட்டும் என்ற எண்ணை, ஆட்டோவில் விட்டுவிட்டு, மெனுவில் அதன் உச்ச வரம்பை 3200 அல்லது 6400 என்றும், குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/125 என்றும் கட்டிவிடுங்கள். புதியவர்கள் படத்தில் மணல் மாதிரிப் புள்ளி (நாய்ஸ்) விழுந்துவிடும் என்று பயந்து ஐஎஸ்ஓவை 400-லேயே பிடித்து வைப்பார்கள். விளைவு, ஷட்டர் 1/20-க்கு இறங்கி, முகம் இரண்டாகத் தெரியும். புள்ளி விழுந்த படத்தை ஃபிரேம் போட்டு மாட்டலாம். நோக்கம் இல்லாமல் ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. லென்ஸில் ஆட்டத்தைத் தடுக்கும் வசதி இருக்கிறதே என்றால், அது உங்கள் கை நடுங்குவதைத்தான் தடுக்கும். எதிரே ஓடும் குழந்தையை அது நிறுத்தாது.

பின்னணி மங்கலாக வர வேண்டும் என்று எஃப் 1.8 லென்ஸ் வாங்கினேன். ஒரு கண் தெளிவு, இன்னொரு கண் மங்கல். லென்ஸில் கோளாறா?

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். ஏபிஎஸ்-சி சென்சார் (பல தொடக்கநிலைக் கேமராக்களில் இருக்கும் சென்சார் அளவு) கேமராவில் 50 மிமீ லென்ஸ், எஃப் 1.8, ஆள் ஒன்றரை மீட்டர் தூரத்தில் என்றால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 6 செ.மீ. ஒரு மீட்டருக்கு நெருங்கினால் அது 3 செ.மீ.க்குச் சுருங்கிவிடும். முகத்தைச் சற்றே திருப்பினாலும் இரண்டு கண்ணும் அந்தப் பட்டைக்குள் அடங்காது. ஒன்றரை மீட்டரில் எஃப் 4 வைத்தால் 14 செ.மீ. கிடைக்கும், மூக்கு நுனியிலிருந்து காது வரை வந்துவிடும்.

அப்படியானால் பின்னணி மங்காதே என்று கேட்பீர்கள். மங்கும், ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்து நிறுத்தினால். கப்பன் பார்க்கில் மரத்தின் மேல் சாய்ந்து நிற்பவரை எஃப் 1.8-ல் எடுத்தாலும் மரப்பட்டையின் வெடிப்பு தெரியும். அவரை ஐந்து மீட்டர் முன்னால் கூப்பிட்டு எஃப் 4-ல் எடுத்தால் மரம் பச்சைக் கறையாகக் கரைந்துவிடும். அப்பெர்ச்சரைத் திறப்பதை விட ஆளை நகர்த்துவது பெரிய மாற்றம் தரும், அதற்குக் காசும் இல்லை.

இன்னொன்று. பின்னணி முழுக்கக் கரைந்தால் அந்தப் படம் பெங்களூரில் எடுத்ததா, பெல்லாரியில் எடுத்ததா என்று தெரியாது. தாத்தா தன் டீக்கடை முன்னால் நிற்கும்போது கடையைக் கரைத்துவிட்டால் பாதிக் கதை போய்விட்டது. அங்கே எஃப் 5.6 வையுங்கள், பெயர்ப்பலகை படிக்கும்படி இருக்கட்டும்.

போனில் போர்ட்ரெய்ட் மோட் அதையே செய்கிறதே?

செய்கிறது, மென்பொருளால். ஆளின் ஓரத்தைக் கணித்து வெட்டி, மிச்சத்தை மங்கலாக்குகிறது. தலையில் வைத்த மல்லிகைச் சரம், பறக்கும் முடி, ஜிமிக்கி, மூக்குக் கண்ணாடியின் கம்பி, இந்த இடங்களில் கணிப்பு தவறும். பூச்சரத்தில் பாதி பின்னணியோடு சேர்ந்து கரைந்து போயிருப்பதை வீட்டுக்கு வந்துதான் கவனிப்பீர்கள். எடுத்த உடனே தலையைச் சுற்றிப் பெரிதாக்கிப் பாருங்கள். பல போன்களில் மங்கலின் அளவைப் பிறகு குறைக்கலாம். பாதிக்குக் கீழே கொண்டுவந்தால் வெட்டு தெரியாது.

போனில் முகம் எடுக்கும்போது இதைவிடப் பெரிய தவறு, நெருங்கிப் போவது. மெயின் கேமரா பெரும்பாலும் 24–26 மிமீ லென்ஸுக்குச் சமமான அகலம் பார்க்கும். முகம் ஃபிரேமை நிரப்ப 40 செ.மீ. வரை போக வேண்டியிருக்கும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே 12 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அந்தத் தூரத்தில் மூக்கு காதை விட 30 சதவீதம் பெரிதாக விழுகிறது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று ‘2எக்ஸ்’ அழுத்தினால் அந்த வித்தியாசம் 6 சதவீதம்தான். படத்தில் என் மூக்கு ஏன் இப்படி இருக்கிறது என்று உங்கள் அக்கா கேட்டால், குற்றம் நின்ற தூரத்தில் இருக்கிறது.

மல்லிகைக் குவியல் சாம்பல் நிறத்தில் வருகிறது. கருங்கல் தூண் வெளிறிப் போகிறது. ஏன்?

கேமராவின் அளவுமானிக்கு மல்லிகை தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளையைக் காட்டினால் இருட்டாக்கும், கறுப்பைக் காட்டினால் வெளுக்க வைக்கும். கேமராவில் ‘+/−’ போட்ட பட்டன் இதற்காகத்தான். வெள்ளைப் பூ ஃபிரேமை நிரப்பினால் +1 முதல் +1.3. அல்சூர் சோமேஸ்வரர் கோயில் தூண் மாதிரிக் கருங்கல் நிரப்பினால் −1. போனில், திரையில் பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலேயோ கீழேயோ இழுங்கள்.

சிவப்புப் பூவில் பிரச்சினை வேறு. சிவப்பு ரோஜாவும் ஆழ்ந்த ஆரஞ்சுச் செண்டுமல்லியும் சிவப்புச் சேனலை (சிவப்பு, பச்சை, நீலம் என்று கேமரா பிரித்துப் பதியும் மூன்றில் ஒன்று) மட்டும் நிரப்பி வழியச் செய்துவிடும். இதழ்களுக்கு நடுவே கோடே இல்லாமல் பிளாஸ்டிக் மாதிரி ஒரே திட்டாக வரும். −0.7 வைத்து எடுங்கள். ஹிஸ்டோகிராமை (இருட்டிலிருந்து வெளிச்சம் வரை எது எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) மூன்று நிறமாகப் பிரித்துக் காட்டும் வசதி இருந்தால், சிவப்புக் கோடு வலது சுவரை முட்டுகிறதா என்று பாருங்கள்.

மார்கழிக் கோலத்தை எப்படி எடுப்பது? நேர் மேலிருந்தா, சாய்த்தா?

இரண்டும் வேறு வேறு படம். புள்ளிக்கணக்கும் சுழியும் காட்ட வேண்டும் என்றால் நேர் மேலிருந்து. மாவு காட்ட வேண்டும் என்றால் தாழ்ந்து.

மேலிருந்து எடுக்க, கையை நீட்டிப் பிடிப்பது வேலைக்கு ஆகாது, கோலத்தின் ஒரு பக்கம் விரிந்து வட்டம் முட்டை வடிவமாகிவிடும். ஸ்டூல் மேல் ஏறுங்கள், அல்லது முதல் மாடி பால்கனியிலிருந்து எடுங்கள். போன் மெனுவில் கட்டக் கோடுகளையோ ‘லெவல்’ வசதியையோ போட்டுவைத்தால், தரைக்கு நேராகப் பிடித்ததும் நடுவில் இரண்டு கூட்டல் குறிகள் ஒன்றாகச் சேரும் வசதி பல போன்களில் வரும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் உங்கள் நிழலே கோலத்தில் விழும். வெயில் ஏறுவதற்கு முன்னால், வானம் வெளுத்த உடனே எடுத்தால் நிழல் தொல்லையே இல்லை.

தாழ்ந்து எடுக்க, வெயில் வேண்டும். சூரியன் உதித்து அரை மணி நேரத்துக்குள் வரும் பக்கவாட்டு வெயில் தரையை உரசிக்கொண்டு வரும். அப்போது கேமராவைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்கி, வெயில் வரும் திசையைப் பார்த்தபடி குறுக்கே பாருங்கள். கோலமாவு கோடு அல்ல, ஒரு சின்ன மண்வரப்பு என்பது தெரியும். விரலிடுக்கில் இழை தொடங்கிய இடத்தில் மாவு சற்று கூடுதலாகக் குவிந்திருக்கும், வளைவில் மெலிந்திருக்கும், ஒவ்வொரு வரப்புக்கும் ஒரு பக்கம் நிழல் விழுந்திருக்கும். போட்டவரின் கை வேகம் அதில் பதிவாகி இருக்கிறது. முன் வரிசை இழையில் ஃபோகஸ் வைத்து எஃப் 5.6.

ஈரத் தரையோ தார் ரோடோ கறுப்பாக இருப்பதால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளை இழை பால் மாதிரி வழிந்துவிடும். −0.7. இதை மறந்தால் மாவின் மணல் தன்மை முழுக்கப் போய்விடும், பிறகு கம்ப்யூட்டரில் மீட்கவும் முடியாது.

பெங்களூரில் எந்த நேரத்து வெளிச்சம் நல்லது?

எல்லா நேரமும் எதற்காவது நல்லது. ஆனால் நம் ஊர் 13 பாகை வடக்கில் இருப்பதால் சில கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளை ஒட்டிப் பகல் 12.20 வாக்கில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும், நட்டு வைத்த கம்புக்கு நிழல் இருக்காது. அந்த வாரங்களில் நடுப்பகல் வெட்டவெளியில் முகம் எடுத்தால் கண் இரண்டும் குழியாகிவிடும். டிசம்பரிலோ அதே நடுப்பகலில் சூரியன் தெற்கே சரிந்து சுமார் 54 பாகை உயரத்தில்தான் இருக்கும். அதனால் டிசம்பர், ஜனவரியில் பதினோரு மணிக்குக்கூட கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் கட்டடங்களில் நல்ல நிழல் விழும். “பத்து மணிக்கு மேல் கேமராவை எடுக்காதே” என்ற விதி குளிர்நாட்டுப் புத்தகத்திலிருந்து வந்ததோ, எங்கிருந்து வந்ததோ, இங்கே வருஷம் முழுக்கப் பொருந்தாது.

வெயில் சுட்டால் நிழலின் ஓரத்துக்குப் போங்கள். திண்ணை, கடை ஷட்டருக்கு உள்பக்கம், மரநிழலின் விளிம்பு. ஆளை நிழலுக்குள் நிறுத்தி, முகத்தை வெளிச்சம் இருக்கும் திசைக்குத் திருப்பச் சொன்னால் போதும். இலை இடுக்கு வழியாக வெயில் புள்ளி புள்ளியாக முகத்தில் விழாமல் பாருங்கள். லால்பாக் கண்ணாடி மாளிகைக்குள், அதாவது 1889-ல் அடிக்கல் நாட்டிய அந்தக் கூடத்துக்குள், கண்ணாடி வழியாகப் பரவி வரும் வெளிச்சம் பூவுக்கும் முகத்துக்கும் ஒரே மாதிரி இதமானது. ஜனவரி, ஆகஸ்ட் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் அது பயன்படாது, சாதாரண நாளில் போங்கள்.

மாலையில் சூரியன் மறைந்த உடனே பையைக் கட்டாதீர்கள். அடுத்த பத்தாவது நிமிடத்திலிருந்து இருபதாவது நிமிடம் வரை வானம் ஆழ்ந்த நீலமாகி, தெருவிளக்கின் வெளிச்சத்தோடு சமமாக நிற்கும். நம் ஊரில் அந்தி சீக்கிரம் இருட்டிவிடும், அந்தப் பத்து நிமிடம்தான் கணக்கு. மழை பெய்து ஓய்ந்த நாளாக இருந்தால் ரோடே கண்ணாடியாகிவிடும். குட்டையின் ஓரத்தில் கேமராவை ஏறக்குறையத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்குங்கள்.

எங்கள் நிறம் படத்தில் சரியாக வருவதே இல்லை. கறுத்த முகம் சாம்பலாகவோ வெளிறியோ போகிறது.

இதை நாங்கள் மிக முக்கியமாக நினைக்கிறோம். முதலில் போனில் ‘பியூட்டி’ என்று எது இருந்தாலும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அது தோலை வழவழப்பாக்குவதோடு வெளுக்கவும் வைக்கிறது.

அடுத்து, கறுத்த தோல் அழகாக இருப்பது வெளிச்சம் அதன் மேல் மினுங்கும் இடத்தில். வெளுத்த தோலில் நிழல் உருவம் காட்டும், கறுத்த தோலில் மினுமினுப்பு உருவம் காட்டும். நேர் முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் அந்த மினுமினுப்பு நெற்றியில் ஒரே வெள்ளைப் பொட்டாகச் சுருங்கிவிடும். ஆளை வாசல் கதவுக்கு ஒரு மீட்டர் உள்ளே பக்கவாட்டில் உட்கார வையுங்கள். கன்ன எலும்பின் மேலும் மூக்குத் தண்டின் மேலும் நீளமான, மெல்லிய ஒளிக்கோடு விழும். பின்னால் இருட்டாக இருந்தால் கேமரா முகத்தை வெளுக்க முயலும், −0.3 முதல் −0.7 வரை இறக்குங்கள். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் தலைகீழ், முகம் கரியாகிவிடும், +0.7 வேண்டும். வெள்ளைச் சுவரைத் தவிர்த்து, செம்மண் நிறமோ அடர்பச்சையோ உள்ள சுவரைத் தேடுவது இன்னும் நல்லது.

ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பு) ஆட்டோவில் விட்டு நிழலில் எடுத்தால் தோலில் நீலம் ஏறிச் சாம்பல் பூத்த மாதிரி ஆகும். ‘ஷேட்’ அல்லது ‘க்ளவுடி’ என்று மாற்றினால் செம்பு நிறம் திரும்பி வரும்.

கடைக்குள் எடுத்த படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றன.

எல்இடி, டியூப்லைட் துடிப்பு அது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்கு இறக்குங்கள், பட்டை பெரும்பாலும் போய்விடும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள், பட்டை அதில் அதிகம்.

மஞ்சள் வெளிச்சத்தை முழுக்க வெள்ளையாக்க வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். ஒயிட் பேலன்ஸை 3800–4200 கெல்வினில் வைத்தால் வேட்டி வெள்ளையென்றும் தெரியும், பல்பின் சூடும் இருக்கும்.

ஓடும் ஆட்டோ தெளிவாகவும் ரோடு கோடு கோடாகவும் வர என்ன செய்வது?

அதற்குப் பெயர் பேனிங். ரோட்டுக்குச் செங்குத்தாக, நடைபாதையில், ஆட்டோ போகும் தடத்திலிருந்து நான்கு முதல் ஆறு மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஷட்டர் 1/30, ஃபோகஸ் தொடர் முறையில், பர்ஸ்ட் (அழுத்திப் பிடித்தால் அடுத்தடுத்துப் படம் எடுக்கும் முறை) போட்டு. பாதம் இரண்டையும் தோள் அகலத்துக்கு விரித்து, ஆட்டோவை எங்கே எடுக்கப் போகிறீர்களோ அந்தத் திசைக்கு முட்டியை வைத்துக்கொண்டு, இடுப்புக்கு மேல் மட்டும் திரும்பி, வரும் ஆட்டோவைப் பிடியுங்கள். அதே வேகத்தில் கூடவே திரும்புங்கள், நேர் எதிரே வரும்போது அழுத்துங்கள், அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். நிறுத்துவதால்தான் பத்துக்கு எட்டுப் படம் கெடுகிறது.

உச்சி வெயிலில் முயன்றால் படம் முழுக்க வெள்ளையாகும். ஐஎஸ்ஓ 100, எஃப் 16 வைத்தாலும் 1/30 நொடிக்கு அந்த வெளிச்சம் அதிகம். மேகமூட்டமான நாளோ, மாலை ஐந்தரைக்கு மேலோ எடுங்கள். பின்னணியில் வெறும் சுவர் இருந்தால் கோடே விழாது. கடைகள், போஸ்டர்கள், மரங்கள் கலந்திருந்தால்தான் கோடு விழும். 1/15-க்குப் பிறகு போகலாம், முதல் நாள் வேண்டாம்.

மூன்றில் ஒரு பங்கு விதியைக் கட்டாயம் பின்பற்ற வேண்டுமா?

இல்லை. படத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை நடுவில் வைக்காமல் அந்தக் கோட்டில் வைக்கச் சொல்லும் விதி அது. சமச்சீரான கோலத்தையோ, கோபுரத்தையோ, கண்ணாடி மாளிகையின் நடு வளைவையோ நடுவில் வைக்காமல் ஓரத்துக்குத் தள்ளினால் தவறிப் போன மாதிரிதான் இருக்கும். அதைவிடப் பயனுள்ள பழக்கம், அழுத்துவதற்கு முன் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுப் பார்ப்பது. தலையிலிருந்து முளைக்கும் மின்கம்பம், ஓரத்தில் பாதி வெட்டிய பைக், மேலே எட்டிப் பார்க்கும் கேபிள் சுருள். ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்தால் பாதி தொல்லை தீரும்.

கூட்டத்தில், தலைகளுக்கு நடுவே இடைவெளி விழும் வரை காத்திருங்கள். இரண்டு உருவம் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் மூன்று காலுள்ள ஒரே மனிதர் மாதிரி ஆகிவிடும்.

எப்போது கறுப்பு வெள்ளை?

நிறம் கதை சொல்லாதபோது, அல்லது கதையைக் கெடுக்கும்போது. முகபாவம் அருமையாக இருந்து, பின்னால் ஒரு ஊதா பிளாஸ்டிக் குடம் கண்ணை இழுத்தால் நிறத்தை எடுத்துவிடுங்கள். மார்ச் மாத ஜக்கராண்டா மரத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் என்ன மிஞ்சும்?

நிறத்தில் எடுத்துப் பிறகு மாற்றுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு நிறத்தின் அடர்த்தியையும் தனியாக ஏற்றி இறக்கலாம். சிவப்புப் புடவையும் பச்சை மரமும் கண்ணுக்கு எதிரெதிர், சாம்பலில் இரண்டும் ஒன்றாகிவிடும். சிவப்பு ஸ்லைடரை ஏற்றினால் புடவை பிரிந்து வரும். மைசூரில் பிறந்த பத்திரிகைப் படக்கலைஞர் டி.எஸ். சத்யன் (1923–2009) எடுத்த அன்றாட மனிதர்களின் கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பாருங்கள். வெள்ளை எங்கே விழுகிறதோ அங்கேதான் கண் முதலில் போகிறது என்பது புரியும்.

எடுத்த பிறகு எடிட் செய்வது ஏமாற்றா?

லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1858-ல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படம் எடுத்தார். அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். அவர் நெகட்டிவின் மேல் கையால் மேகம் தீட்டினார். ஆக, கேள்வி பழையது.

எங்கள் அளவுகோல் இது: நீங்கள் நின்ற இடத்தில் நின்ற இன்னொருவர் “ஆமாம், இப்படித்தான் இருந்தது” என்று சொல்ல வேண்டும். செய்தியாகவோ ஆவணமாகவோ தரும் படத்தில் எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது. முதலில் நேராக்கி வெட்டுங்கள், பிறகு ஒயிட் பேலன்ஸ், பிறகு மொத்த வெளிச்சம், பிறகு மிகை வெளிச்சத்தை இறக்குவது, கடைசியாகக் கறுப்பை ஆழமாக்குவது. நிறச் செறிவை 10–15-க்கு மேல் ஏற்றினால் தோல் ஆரஞ்சாகும். ‘ரா’ கோப்பாக (கேமரா திருத்திச் சுருக்காத மூலப் பதிவு) எடுத்திருந்தால் வெளிச்சம் இரண்டு ஸ்டாப் (‘+/−’ பட்டனில் இரண்டு எண்) வரை குறைந்து போனாலும் பெரும்பாலும் மீட்கலாம், ஜேபெக்கில் அந்த இடம் இல்லை.

தெருவில் முன்பின் தெரியாதவரை எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். “அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?” என்பது அல்சூரிலும் சிவாஜிநகரிலும் பல இடத்தில் செல்லும். மற்ற இடத்தில் கன்னடத்தில் “ஒந்து போட்டோ தெகீலா?” என்று கேளுங்கள். கேட்டால் இயல்பு போய்விடுமே என்ற கவலை வேண்டாம். சம்மதம் வாங்கியபின் ஐந்து நிமிடம் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தால் அவர்கள் வேலையில் மூழ்கிவிடுவார்கள். முதல் இரண்டு படத்தில் முகம் விறைப்பாகத்தான் இருக்கும், மூன்றாவதற்குப் பிறகு சரியாகிவிடும். குழந்தை என்றால் கூட இருக்கும் பெரியவரிடம் கேளுங்கள்.

கருவறையை எடுக்காதீர்கள். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸ் ராணுவ மையம் இருக்கிறது, அந்த மதில், வாசல் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். கரகத் திருவிழா மாதிரி இரவு ஊர்வலத்தில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். கரகம் தலையில் ஏந்தி வருபவரின் கண் கூசும், அவருக்குத் தடுமாறக் கூடாத நேரம் அது. எஃப் 1.8, 1/125, ஐஎஸ்ஓ 6400 வைத்து, தெருவிளக்கு விழும் இடத்தில் முன்கூட்டியே போய் நின்றுகொள்ளுங்கள்.

எடுத்த படத்தை அவர்களுக்குக் கொடுக்க, பிரிண்ட் போட எவ்வளவு பெரிய கோப்பு வேண்டும்?

12 மெகாபிக்சல் படம் 4000 × 3000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 13 × 10 அங்குலம் வரை தாராளமாக வரும். போன் படம் 4:3 விகிதம், 6 × 4 பிரிண்ட் 3:2 விகிதம், அதனால் போனைக் கிடையாகப் பிடித்து எடுத்த படத்தை ஸ்டுடியோவில் மேலேயும் கீழேயும் வெட்டிவிடுவார்கள். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள், அல்லது நீங்களே வெட்டிக்கொண்டு போங்கள். ஸ்டுடியோவுக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். பூக்கடைக்காரருக்கு என்றால் பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாளில் போடுங்கள். ஈரக் கையால் தொட்டாலும் விரல் தடம் அவ்வளவாகத் தெரியாது.